சாக்லேட் பள்ளிக்கூடத்தின் கூரை

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் டன்னுக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில்தான் வரும். வெயில் என்று தனியாக ஒன்று உலகத்தில் கிடையாது. போதிய டன்னில் ஏசி வாங்காதவர்களுக்கு உண்டாகும் ஒருவகை மனக்குறையைத்தான் மக்கள் வெயில் என்று சொல்லி வருகிறார்கள். ஒரு டன் போதவில்லையா, ஒன்றரை. ஒன்றரை போதவில்லையா, இரண்டு. இரண்டும் போதவில்லை என்று சொல்லக்கூடியவர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும் அவரைத் தவணை முறையில் சமாதானப்படுத்திவிடலாம்.

இது ஏசி ஷோரூம் ஒன்றின் விற்பனை மேலாளர் பல கோடைகளைக் கடந்து வந்தடைந்த முடிவு. அவர் இதை வேடிக்கையாகச் சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மருத்துவர் மெதுவாகச் சேதி சொல்வதுபோலச் சொல்வார். கடையில் வேலை பார்ப்பவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'டன் சார்' என்றார்கள். ஒருநாள் அது அவர் காதில் விழுந்தது. கேலி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யாரோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அன்று முழுவதும் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

அவர் குடியிருந்தது மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு. காலையில் கிழக்கிலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கும். மதியம் தலைமேல் உட்காரும். மாலையில் மேற்குச் சுவரில் சாய்ந்து இளைப்பாறும். மொத்தத்தில் சூரியனுக்கு அந்த வீட்டில் நாள் முழுக்க வேலை இருந்தது. டன் சாருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. எதிரி பலசாலியாக இருந்தால்தானே வெற்றிக்கு மதிப்பு.

வீட்டில் அவரைத் தவிர இரண்டு பேர். ரத்த வங்கியில் வேலை பார்க்கும் மனைவி, மனைவியின் தங்கை. இந்த மச்சினி, தொலைபேசியில் மற்றவர்களின் கோபத்தைக் கேட்டுக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து, "இனிமே சாக்லேட்தான் பண்ணப் போறேன்" என்றாள்.

"நல்ல யோசனை" என்றார் டன் சார். "எத்தனை டன்?"

சின்னச் சின்ன ஆர்டர்கள் வந்தன. பிறந்த நாளுக்குப் பெட்டி, யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பெட்டி. வயிறு நிறையவில்லை, கையும் ஓயவில்லை. அப்போதுதான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியை தேடி வந்தார். பள்ளிக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. பள்ளிக் கட்டடத்தை அப்படியே சாக்லேட்டில் செய்து தர முடியுமா? இரண்டு மாடி, நீளமான வராந்தா, வரிசையாகத் தூண்கள், மேலே ஒரே பலகையாகத் தட்டைக் கூரை. சரியாக வந்தால் வருடா வருடம் பள்ளியின் விழாக்களெல்லாம் அவளுக்கே.

"கூரை மட்டும் நல்லா இருக்கணும்மா" என்றார் தலைமையாசிரியை. "நிஜக் கட்டடத்துல அதுதான் ஒழுகுது. இதுலயாவது ஒழுங்கா இருக்கட்டும்."

அவர் போனதும் மச்சினி அக்காவிடம் சொன்னாள்: "இது நின்னுச்சுன்னா நான் நின்னுட்டேன். விழுந்துச்சுன்னா, பழைய ஆபீஸ்ல என் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம். விழா முடிஞ்ச திங்கக்கிழமை பதில் சொல்லணும்னு கேட்டிருக்காங்க. போய் மறுபடி ஹெட்போன் மாட்டிக்கறேன்."

விழா சனிக்கிழமை. வெயில் எப்படி இருந்தது என்றால், தெருவில் நாய்கள் நிழலை ஷிஃப்ட் முறையில் பயன்படுத்திக்கொண்டிருந்தன.

டன் சார் கவலைப்படாதவர். ஷோரூமுக்குப் புதிதாக வந்திருந்த இரண்டு டன் ஏசியை, வீட்டு உபயோகத்துக்கான முன்னோட்டம் என்று சொல்லிக் கொண்டுவந்து ஹாலில் மாட்டினார். மாட்டியவுடன் அது காட்டிய சுறுசுறுப்பைப் பார்க்க எதிர்வீட்டு வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல் அதன் அடியில் நின்று, தலைமுடி பறக்க, "பிரமாதம் சார்" என்றார். அந்தத் தெருவில் ஓடும் ஏசிகளில் முக்கால்வாசி டன் சார் விற்றவை. வக்கீல் வீட்டில் மட்டும் மூன்று.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மச்சினி ஹால் மேசைமேல் ஒத்திகையாகப் பள்ளிக்கூடம் கட்ட ஆரம்பித்தாள். அதிகாலையில் அடித்தளம், காலையில் சுவர்கள், பதினோரு மணிக்கு வராந்தாத் தூண்கள், பிற்பகலில் கூரை. கூரையை இரண்டு கையாலும் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர்கள்மேல் வைத்தாள். நின்றது. ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

"மாமா, கூரை தொங்குது."

விடுமுறை நாள் என்பதால் ஹாலிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்த டன் சார் தலையைத் தூக்கி வீட்டுக் கூரையைப் பார்த்தார். "எங்க? நல்லாத்தானே இருக்கு."

"அது இல்ல. என்னோடது."

பள்ளிக்கூடத்தின் கூரை நடுவில் தளர்ந்து, தூளி கட்டியதுபோல இறங்கியிருந்தது. அதன் கீழ் இருந்த இரண்டாவது மாடி வகுப்பறைகளில் பாடம் நடத்தினால் மாணவிகள் படுத்துக்கொண்டுதான் கவனிக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் ஒரு தூண் மெல்ல முழங்காலை மடக்கியது.

டன் சார் ஏசியை நிமிர்ந்து பார்த்தார். அதன் நெற்றியில் பதினெட்டு என்று பச்சையாக எரிந்தது.

"பதினெட்டு டிகிரில சாக்லேட் எப்படி உருகும்?" என்றார் நிதானமாக. "சாக்லேட்டுலதான் ஏதோ கோளாறு."

மச்சினி சாக்லேட்டுக்கு வைத்திருந்த வெப்பமானியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது முப்பதைத் தொட்டது.

"அது நீங்க கேட்ட பதினெட்டு மாமா" என்றாள். "கிடைச்ச பதினெட்டு இல்ல."

டன் சாரின் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு வித்தியாசத்தை எந்த வாடிக்கையாளரும் கிளப்பியதில்லை. அவர் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஸ்டூல் வைத்து, அக்கா பிடித்துக்கொள்ள ஏறி, உள்ளங்கையைக் கான்கிரீட் கூரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு" என்றாள் மேலேயிருந்தே. "தலைக்கு மேல அடுப்பு எரியுது. நாம கீழ உக்காந்து விசிறிட்டு இருக்கோம்."

"அப்ப மூணு டன் போட்டுடலாம்" என்றார் டன் சார். அவர் முகத்தில் சலனமே இல்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் இடிந்த பள்ளிக்கூடத்தைத் தின்றார்கள். யாருக்கும் ருசிக்கவில்லை. டன் சார் மட்டும் நூலகம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

மறுநாள் மச்சினி வீட்டை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். ஹால் அவளுக்குச் சரிப்படவில்லை. சமையலறை, மாடிப்படி, பால்கனி எல்லாவற்றுக்கும் வாய் திறந்திருக்கும் இடம் அது. மேற்கு ஓரத்தில் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறை இருந்தது. அதில் டன் சார் வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கிய ஒரு டன் ஏசி ஒன்று தொங்கியது. அவர் அதைப் 'பென்ஷன்காரர்' என்பார். பழைய சாமான்களுக்கு நடுவே பழைய சாமானாக அதுவும் இருந்தது.

மச்சினி பென்ஷன்காரரின் மூடியைத் திறந்தாள். உள்ளே வடிகட்டி தெரியவில்லை. அதன்மேல் படிந்த தூசி ஒரு கம்பளியாகவே ஆகியிருந்தது.

"மாமா, இதைக் கடைசியா எப்ப கழுவினீங்க?"

"நான் விக்கறவன்மா. கழுவறது சர்வீஸ் டிபார்ட்மென்ட்."

அவள் அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயவைத்தாள். பிறகு ஏசிக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தைப் பார்த்தாள். குழாய் இரண்டு விரல் தடிமன்; ஓட்டையில் ஒரு முஷ்டி நுழையும். மீதி இடத்தை அடைப்பதற்காக மாட்டியவர்கள் ஒரு காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். இழுத்துப் பிரித்தாள். டன் சாரின் ஷோரூம் விளம்பரம். 'குளிர் எங்கள் பொறுப்பு' என்று போட்டிருந்தது. அதன் வழியாகத்தான் அத்தனை வருடமும் அனல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அக்காவும் தங்கையும் அறையைக் காலி செய்தார்கள். ஓட்டையைச் சுவருக்குப் பூசும் பட்டி மாவு வைத்து அடைத்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே திரை போடாமல், வெளியே பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டினார்கள். கண்ணாடியைத் தொட்ட பிறகு வெயிலைத் தடுத்து என்ன பயன் என்பது மச்சினியின் வாதம். மேற்குச் சுவரிலும் கூரையிலும் தெர்மாகோல் பலகைகளை ஒட்டி, இடுக்குகளை டேப்பால் மூடினார்கள். கதவின் நான்கு ஓரத்திலும் ரப்பர் பட்டை. கடைசியாக, விடிகாலையில் மொட்டைமாடிக்குப் போய், அந்த அறைக்கு மேலே வரும் தரையில் மட்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட்டை இரண்டு கை அடித்துவிட்டு வந்தார்கள்.

டன் சார் இதையெல்லாம் கையில் காப்பி டம்ளருடன் மேற்பார்வை பார்த்தார்.

"நாம என்ன மீனா? தெர்மாகோல் பெட்டில ஐஸ் போட்டு வைக்கறதுக்கு?"

"மீன் கெட்டுப் போகாம ஊர் போய்ச் சேருதுல்ல மாமா?"

"மாடிக்கு வேற சுண்ணாம்பு அடிச்சாச்சு. வெயில் வந்து பார்த்துட்டு, 'அடடா, வெள்ளையா இருக்கே, அழுக்குப் பண்ண வேணாம்'னு திரும்பிப் போயிடுமாக்கும்."

"கிட்டத்தட்ட அதேதான்" என்றாள் அவள்.

அவருடைய மனைவி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடியே பேசினாள். "ஏங்க, எங்க பிளட் பேங்க்ல ரத்தத்தை ஊர் ஊரா இந்தப் பெட்டிலதான் அனுப்பறோம். எந்த ரத்தப் பையும் இதுவரைக்கும் ரெண்டு டன் வேணும்னு கேட்டதில்ல."

டன் சார் ஷோரூமில் போய் இதைக் கதையாகச் சொன்னார். 'எங்க வீட்ல ரூமுக்கு ஸ்வெட்டர் போடறாங்க' என்று ஆரம்பித்து, மொட்டைமாடிக்குப் பவுடர் பூசிய கட்டத்துக்கு வந்தபோது காசாளர் சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே போனார். வக்கீலும் கேட்டு ரசித்தார். ஆனால் டன் சார் கெட்ட மனிதர் அல்ல. மச்சினி விழக் கூடாது என்று அவருக்கும் ஆசைதான். அவள் விழாமல் பிடிக்கப்போவது இரண்டு டன்தான் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். அதனால் சனிக்கிழமை காலையிலேயே ஹால் ஏசியைப் பதினெட்டில் போட்டார்.

"உன் ரூம்ல நிக்கலைன்னா உடனே இங்க தூக்கிட்டு வந்துடு. ஆம்புலன்ஸ் மாதிரி ரெடியா ஓடிட்டு இருக்கும்."

"சரி மாமா" என்றாள் மச்சினி. வெள்ளிக்கிழமையே அவள் பள்ளிக்கூடத்தைக் கட்டி முடித்துவிட்டிருந்தாள். சுவர், தூண், படிக்கட்டு, கூரை எல்லாம் அந்தச் சின்ன அறையில், பென்ஷன்காரரின் மெல்லிய முனகலுக்குக் கீழே நின்றன. வெப்பமானியின் கம்பி முனையைக் கதவிடுக்கு வழியாக உள்ளே விட்டு, எண் காட்டும் டப்பாவை வெளியே கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தாள். இருபத்தொன்று. மூன்றரைக்குத் தலைமையாசிரியை வண்டியோடு வருவார். அதுவரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது.

மதியம் ஒரு மணிக்குத் தெருவின் எல்லா வீட்டிலும் எல்லா ஏசியும் ஒரே சமயத்தில் முழு மூச்சாக ஓடின. டன் சார் பால்கனியில் நின்று, தான் விற்ற இயந்திரங்களின் சங்கீதத்தைக் காது குளிரக் கேட்டார். அந்தச் சங்கீதத்துக்கு நடுவில் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து டப் என்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை. பிறகு அமைதி. அந்தத் தெருவுக்கு அப்படி ஓர் அமைதி பழக்கமே இல்லை. தூரத்தில் யாரோ தும்முவதுகூடக் கேட்டது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "சார், கரென்ட் போயிடுச்சா?" என்றார் வக்கீல்.

"இல்ல சார், ஓய்வெடுக்குது" என்றார் டன் சார். வாடிக்கையாளரிடம் நிதானம் இழப்பது அவர் வழக்கமல்ல.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். ஆள் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று கேட்டால், வந்துகொண்டிருப்பதாகவே மறுபடியும் சொன்னார்கள்.

மச்சினி அறைக்கதவின் முன் வந்து தரையில் உட்கார்ந்தாள். முதுகைக் கதவில் சாய்க்கவில்லை. உடம்புச் சூடு உள்ளே போய்விடும் என்று ஒரு சாண் தள்ளியே உட்கார்ந்தாள். எண் இருபத்தொன்றில் இருந்தது.

"எத்தனை வரைக்கும் தாங்கும்?" அக்கா கேட்டாள்.

"இருபத்தேழு வரைக்கும் நிக்கும்க்கா. அதுக்கு மேல போனா கூரைதான் முதல்ல போகும்."

டன் சாருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். "உள்ள இருக்கறது ஒரு டன்னோட குளிர்மா. எத்தனை நேரம் தாங்கும்? ஹால்ல காலையிலேர்ந்து ரெண்டு டன் ஓடியிருக்கு. அவ்வளவு குளிரும் இங்கதான் சேர்ந்து கிடக்கு. இப்பவே மாத்திடறது நல்லது. நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்."

சொல்லிக்கொண்டே கதவுக் கைப்பிடியில் கை வைத்தார்.

"மாமா." மச்சினி எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "கையை எடுங்க."

"உன் நல்லதுக்குத்தான்—"

"திறந்தா எல்லாம் போச்சு. திங்கக்கிழமை நான் அந்த நாற்காலில உக்காரணும். கையை எடுங்க மாமா."

கையை எடுத்தார். மனைவி அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி ஹாலில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். "சேர்ந்து கிடக்கற குளிர்ல கொஞ்ச நேரம் உக்காந்திருங்க" என்றாள்.

ஹாலின் வெப்பத்தைக் காட்டக் கருவி எதுவும் இல்லை. அவருடைய சட்டை இருந்தது. முதலில் கழுத்துப்பட்டை ஈரமானது. பிறகு முதுகு. இரண்டு டன் சேமித்து வைத்த குளிர் மாடிப்படி வழியாக ஒரு பங்கும், சமையலறை வழியாக ஒரு பங்கும், பால்கனிக் கதவின் அடியில் ஒரு பங்குமாகச் சொத்துப் பிரித்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தது. மேலேயிருந்து கான்கிரீட் அவர் வழுக்கைமேல் தனிக் கவனம் செலுத்தியது. அவர் அண்ணாந்து பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூரை தன்னைத் திரும்பிப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

இரண்டு மணி வாக்கில் எழுந்து போய், சத்தமில்லாமல் மச்சினி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எண் இருபத்திரண்டரை.

"ஹால்ல எப்படி இருக்கு மாமா?"

"காத்தோட்டமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை, கண் எண்ணிலேயே இருந்தது. கட்டைவிரல் நகத்தை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களின் ஓரங்களில் சாக்லேட் காய்ந்து, மை படிந்ததுபோல இருந்தது. போன் அடித்தது. பழைய அலுவலகம். அவள் பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

இருபத்துமூன்று.

விற்பனை மேலாளருக்கு எண் என்றால் ஏற வேண்டும். மாதக் கணக்கு ஏற வேண்டும், வருடக் கணக்கு ஏற வேண்டும், டன் ஏற வேண்டும். டன் சார் அன்றுதான் முதல்முறையாக ஓர் எண் ஏறவே கூடாது என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அது பேச்சு கேட்பதுபோல இருந்தது. ரொம்ப நேரம் இருபத்துமூன்றிலேயே உட்கார்ந்திருந்தது. மச்சினி தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. அக்கா கொண்டுவந்து கொடுத்தாள்.

கீழே தெருவில் சனம் வெளியே வந்துவிட்டது. வக்கீல் பனியனோடு மரத்தடியில் நின்று, கோப்பு ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தார். யாருடைய வழக்கோ அவருக்குக் காற்று கொடுத்தது. "சார், மூணு ஏசி வச்சிருக்கேன்" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "மூணும் சேர்ந்து மூச்சு விடமாட்டேங்குது." டன் சார் பால்கனிப் பக்கம் தலைகாட்டவில்லை.

இருபத்துநான்கு. மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

தலைமையாசிரியை வந்துவிட்டார். லிஃப்ட் இல்லாமல் ஏறியதில் முகம் சிவந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஹாலைப் பார்த்தார். செத்த ஏசியைப் பார்த்தார். தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த குடும்பத்தைப் பார்த்தார்.

"கரென்ட் இல்லையே" என்றார் மெதுவாக. "போயிடுச்சாம்மா? பரவாயில்ல. பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லிக்கலாம்."

மச்சினி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்ததால் ஒரு கணம் சுவரைப் பிடித்தாள். பிறகு கைப்பிடியைத் திருப்பினாள்.

கதவு திறந்ததும் குளிர் வந்து எல்லோருடைய கால்களையும் தொட்டது. மழை வரப்போகும் சாயங்காலத்தின் குளிர்.

பள்ளிக்கூடம் நின்றது. தூண் ஒவ்வொன்றும் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்கும் மாணவிபோல நேராக நின்றது. வராந்தாவின் ஓரம் கத்தியால் சீவினாற்போல் இருந்தது. கூரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மச்சினி குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். நேர்கோடு. அவள் இன்னொரு மூலைக்குப் போய் மறுபடியும் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

தலைமையாசிரியை மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மணி தொங்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, தன் அறையின் ஜன்னல் எல்லாவற்றையும் விரலால் தொடாமல் தொட்டார். "என் ரூம் ஜன்னல்ல ஒரு கதவு உடைஞ்சிருக்கும். அதைக்கூடப் போட்டிருக்கியே" என்றார். பிறகு அங்கே இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார். "கதவைச் சாத்துங்க. அஞ்சு நிமிஷம் இருந்துட்டுப் போறேன். எங்க ஆபீஸ்ல ஏசியே போட்டாலும் இப்படி இருக்கமாட்டேங்குது. இது எத்தனை டன்?"

எல்லோரும் டன் சாரைப் பார்த்தார்கள். துறை வல்லுநர் அவர்தானே.

"ஒண்ணு" என்றார் அவர். "இப்ப அதுவும் இல்ல."

கொண்டுபோவதற்காக மச்சினி பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள். உள்ளே ஓரங்களில் ஐஸ் பொட்டலங்கள், நடுவில் பள்ளிக்கூடம். பார்ப்பதற்குத் துறைமுகத்துக்குப் போகிற பெட்டி போலவே இருந்தது. டன் சார் கேட்காமலே ஒரு முனையைப் பிடித்தார். படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் "மெதுவா, மெதுவா" என்றார். தெருவில் கூடியிருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

"என்ன சார், மீனா?" என்றார் வக்கீல்.

"பள்ளிக்கூடம் சார்" என்றார் டன் சார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மேலேர்ந்து சூடு அடிக்குது."

விழா அரங்கில் ஜெனரேட்டர் இருந்தது, குளிருக்குக் குறைவில்லை. சாயங்காலம் மச்சினி அங்கிருந்து போன் பண்ணினாள். பின்னால் நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளின் இரைச்சல். பள்ளியில் முதன்முதலில் சேர்ந்த மாணவி, இப்போது தலை நரைத்தவர், கூரையை வெட்ட வந்தாராம். கத்தியை வைத்து அழுத்தினால் இறங்கவில்லை. கணக்கு டீச்சர் கை கொடுத்து, விளையாட்டு டீச்சர் கை கொடுத்து, கடைசியில் படாரென்று உடைந்ததாம். அந்தச் சத்தத்துக்கு அரங்கமே கை தட்டியதாம். கூட்டத்தில் இருந்த மூன்று பேர் அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு மருத்துவமனை வேண்டும், ஒருவருக்கு விளையாட்டரங்கம், இன்னொருவருக்கு மாமியார் வீடு.

"மாமியார் வீடு எதுக்காம்?" என்றாள் அக்கா.

"உடைச்சுச் சாப்பிடணுமாம்."

"பழைய ஆபீசுக்கு என்ன சொல்லப் போற?"

"சொல்லிட்டேன்க்கா. இப்பதான். நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு."

வக்கீலும் அன்றே வந்து நீதிமன்றக் கட்டடத்துக்குச் சொல்லிவைத்தார். அதைக் கடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசையாம்.

கரென்ட் ஆறு மணிக்கு வந்தது. இரண்டு டன் விழித்துக்கொண்டு நெற்றியில் பதினெட்டு என்று எழுதிக் காட்டியது. டன் சார் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் கண் அதன்மேலேயே இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை, இருந்ததெல்லாம் கூரையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பக்கத்தில் ஆளைக் காணோம் என்று மனைவி எழுந்தாள். வாசல் கதவு திறந்திருந்தது. மாடிப்படி ஏறிப் பாதி தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள்.

மொட்டைமாடியில் டன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹாலுக்கு மேலே வரும் பகுதியைத் துடைப்பத்தால் பெருக்கி முடித்திருந்தார். பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, பட்டைப் பிரஷ், கலக்குவதற்கு ஒரு குச்சி. மண்டி போட்டு, மூலையிலிருந்து முதல் கோட்டை இழுத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். நேராக இருந்தது.

எதிர் மொட்டைமாடியில் வக்கீல் கொட்டாவி விட்டபடி வந்து நின்றார். "என்ன சார், இந்நேரத்துல?"

பிரஷ் முதுகுக்குப் பின்னால் போனது. "சும்மாதான் சார். காத்து வாங்கலாம்னு."

வக்கீல் தலையாட்டிவிட்டு இறங்கிப் போகும்வரை டன் சார் வானத்தை ரசித்துக்கொண்டிருந்தார். மனைவி சத்தமில்லாமல் படி இறங்கி வந்து, காப்பிக்குப் பால் வைத்தாள். தலைக்கு மேலே, கான்கிரீட்டின் மறுபக்கத்தில், பிரஷ் சரக் சரக் என்று நிதானமாகப் போய்வரும் சத்தம் கேட்டது.